எஞ்சியவற்றைக் காத்தவர்

நுழையும்முன்

திரைப்படத்தைப் பார்த்து மகிழ்வோர் பலர். அது முடிந்தபின் எஞ்சும் தொப்பியையும் நிழற்படத்தையும் துண்டறிக்கையையும் காத்து வைப்போர் மிகச் சிலர். அவர்களைப் பைத்தியக்காரர் என்றே உலகம் முதலில் கருதுகிறது. படம் அழிந்த பிறகு அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுகிறது. அத்தகைய சிலரை நினைவுகூர்கிறது இக்கட்டுரை.

மலையடிவாரத்தில் ஒரு தொழில்

போடிநாயக்கனூரில் பொழுது விடியும் முன்பே மலைச்சாலை விழித்துக்கொள்கிறது. ஏலத்தோட்ட வேலைக்குச் செல்வோரை ஏற்றிக்கொண்ட ஜீப்புகள் போடிமெட்டை நோக்கி வளைந்து வளைந்து ஏறுகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவை ஒட்டிய இவ்வூருக்கு ஏலக்காயே அடையாளம். மலைமேல் பறித்த பச்சைக்காயைத் தோட்டத்து ‘ஸ்டோரில்’ மிதமான சூட்டில் உலர்த்துகிறார்கள். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்து ஒரு கிலோவாகச் சுருங்குகிறது. ஈரம் சரியாகப் போகாத காயில் பூஞ்சை படரும். பக்குவம் தவறிய காயில் பச்சை நிறம் நிற்காது. மலையிறங்கிப் போடிக்கு வந்த காயைச் சல்லடையிட்டு, எட்டு மில்லிமீட்டர், ஏழு மில்லிமீட்டர் எனப் பருமன் வாரியாகப் பிரிக்கிறார்கள். பெண்கள் வரிசையாக அமர்ந்து, வெடித்த காயையும் வெளுத்த காயையும் விரல் நுனியால் ஒதுக்குகிறார்கள். பிறகுதான் அது ஏலக்கூடத்துக்குப் போகிறது.

திரட்டுதல், உலர்த்துதல், பிரித்தல், காற்றும் ஈரமும் புகாமல் காத்தல் ஆகிய நான்கும் ஒழுங்காக நடந்தால்தான் ஒரு பருவத்தின் உழைப்பு பணமாகும். ஒன்று தவறினாலும் மணம் போய்விடும். மலைச்சரிவில் பிறந்த பிள்ளைகள் பள்ளிக்கு வருமுன்பே அறிந்துகொள்ளும் உண்மை இது. திரைப்படத்தைக் காப்பதற்கும் இதே நான்கு வேலைகள் தேவை. ஆனால், அந்த உண்மையைத் திரையுலகம் உணர்வதற்குள் விளைச்சலில் பெரும்பகுதி கெட்டுப்போயிருந்தது.

வெட்டி எறிந்த துண்டு

கூடாரக் கொட்டகைகள் நடந்த காலத்தில், தமிழகத்துச் சிற்றூர்ச் சிறுவர்களிடம் ஒரு செல்வம் இருந்தது. படம் ஓடிக்கொண்டிருக்கும்போது சுருள் அறுந்தால், இயக்குபவர் சிதைந்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, இரு முனைகளையும் ஒட்டி மீண்டும் ஓட்டுவார். வெட்டி எறிந்த துண்டுகளைப் பொறுக்கக் கொட்டகைக்குப் பின்புறம் சிறுவர்கள் காத்திருப்பார்கள். கத்திச்சண்டை உள்ள துண்டுக்கு மதிப்பு அதிகம். எழுத்து மட்டும் உள்ள துண்டுக்கு மதிப்புக் குறைவு. கோலிக்குண்டுக்கும் பம்பரத்துக்கும் ஈடாக அவை கைமாறின. எரிந்துபோன மின்விளக்கின் குமிழில் தண்ணீரை நிரப்பி, கண்ணாடியால் வெயிலைத் திருப்பி, அத்துண்டை நடுவில் பிடித்தால், வீட்டுச் சுவரில் தொங்கவிட்ட வேட்டியில் கதாநாயகன் தோன்றுவான். அவன் அசையமாட்டான், ஆனாலும் அச்சிறுவர்களுக்கு அது முழுப்படமாகவே இருந்தது.

கொட்டகை வாயிலில் விற்ற பாட்டுப் புத்தகங்களும் அப்படித்தான் வீடு வந்து சேர்ந்தன. சில பக்கங்களே உள்ள மெல்லிய ஏடுகள் அவை. கதைச் சுருக்கமும் நடிகர் பட்டியலும் பாடல் வரிகளும் அவற்றில் இருந்தன. பாடிப் பழகும்வரை வீட்டார் அவற்றைப் போற்றினர். பிறகு அடுப்பு மூட்டவும் பொட்டலம் கட்டவும் பயன்படுத்தினர். சிறுவர்களும் வளர்ந்தார்கள், தகரப்பெட்டியில் இருந்த படத்துண்டுகளை மறந்தார்கள். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. படமெடுத்த முதலாளிகளே தம் படச்சுருள்களை அவ்வாறுதான் நடத்தினார்கள்.

தொடக்ககாலப் படச்சுருள் செல்லுலோஸ் நைட்ரேட்டால் ஆனது. எளிதில் தீப்பற்றும், வெப்பத்திலும் ஈரத்திலும் பிசுபிசுத்து, இறுதியில் தூளாகிவிடும். ஓட்டம் முடிந்த படத்தை வைத்திருப்பது இடத்துக்கும் கேடு, செலவுக்கும் கேடு எனப் பலர் எண்ணினர். கறுப்பு வெள்ளைச் சுருளின் மேற்பூச்சில் வெள்ளி உண்டு என்பதால், அதைப் பிரித்தெடுப்பதற்காகவே எத்தனையோ படங்கள் கரைக்கப்பட்டன. சென்னையில் நடராஜ முதலியார் எடுத்த ‘கீசக வதம்’ தென்னிந்தியாவின் முதல் மௌனப்படம் எனப் போற்றப்படுகிறது. இன்று அது இல்லை. 1931 மார்ச் 14 அன்று மும்பையில் வெளியான ‘ஆலம் ஆரா’ இந்தியாவின் முதல் பேசும்படம்; அதுவும் இல்லை. அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று எச்.எம். ரெட்டியின் இயக்கத்தில் டி.பி. ராஜலட்சுமி நடித்து வெளிவந்த ‘காளிதாஸ்’ தமிழ் பேசிய முதல் படம். அதன் படியும் கிடைக்கவில்லை. விளம்பரங்களும் நாளிதழ்க் குறிப்புகளுமே அப்படம் இருந்ததற்குச் சான்று கூறுகின்றன.

ஒரு மனிதரின் வீடு

இத்தகைய மறதிக்கு நடுவில் ஒருவர் எதையும் எறியாமல் வாழ்ந்தார். அவரது இயற்பெயர் ஆனந்தகிருஷ்ணன். நிழற்படக் கலையில் இளமை முதலே ஈடுபாடு கொண்டிருந்த அவர், ‘பிலிம் நியூஸ்’ என்னும் இதழுக்குப் படங்கள் எடுத்துக் கொடுத்தார். இதழின் பெயர் அவர் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது. இதழ் நின்ற பிறகும் பெயர் நிலைத்தது. தமிழ்த் திரையுலகம் அவரைப் பிலிம் நியூஸ் ஆனந்தன் என்றே அறிந்தது.

1958ஆம் ஆண்டு எம்.ஜி.ஆர். தாமே தயாரித்து இயக்கிய ‘நாடோடி மன்னன்’ வெளியானது. அப்படத்தின் செய்திகளையும் நிழற்படங்களையும் இதழ்களுக்குக் கொண்டு சேர்க்கும் பொறுப்பை ஆனந்தன் ஏற்றார். தமிழ்த் திரையுலகின் முதல் மக்கள் தொடர்பாளர் என்னும் பெயர் அவருக்கு அதனால் அமைந்தது. அன்று முதல் நூற்றுக்கணக்கான படங்களின் நிழற்படங்களும் துண்டறிக்கைகளும் அவர் கை வழியே இதழ் அலுவலகங்களுக்குச் சென்றன. அப்பணியைச் செய்த பிறர் மிஞ்சியவற்றைக் குப்பையில் இட்டிருக்கக்கூடும். ஆனந்தனோ ஒவ்வொன்றிலும் ஒரு படியை எடுத்து வைத்தார். அதன்மேல் ஆண்டையும் நிறுவனத்தையும் நடித்தவர் பெயரையும் குறித்தார்.

எடுத்து வைப்பது எளிது. எடுத்து வைத்ததை வேண்டும்போது கண்டுபிடிப்பது அரிது. ஏலக்காயைச் சல்லடையிடும் பொறுமையை ஒத்த பொறுமை அவருக்கு இருந்தது. தாம் பிறப்பதற்கு முன் வெளியான படங்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. பழைய இதழ்கள், பாட்டுப் புத்தகங்கள், மூத்த கலைஞர்களின் நினைவுகள் ஆகியவற்றிலிருந்து படம் படமாகத் தகவல்களைத் திரட்டினார். ஒரு நடிகர் மறைந்தால், அவர் நடித்த முதல் படம் எது, எந்த ஆண்டு, எந்த நிறுவனம் என்று கேட்டு இதழாளர்கள் அவரைத்தான் நாடினர். கணிப்பொறி வருவதற்கு முன் தமிழ்த் திரையின் நினைவகமாக இருந்தது அந்த ஒரு மனிதரின் வீடுதான்.

பின்னாளில் தமிழ்நாடு அரசு அவருடைய திரட்டைப் பெற்றுக்கொண்டது. அவர் எழுதிய ‘சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு’ 2004ஆம் ஆண்டு வெளிவந்தது. பேசும்படத்தின் முதல் ஆண்டிலிருந்து தொடங்கி, ஆண்டுதோறும் வெளியான படங்களின் விவரங்களைக் கொண்ட பெருநூல் அது. படிப்பவர் கண்ணுக்கு அது வெறும் பட்டியலாகத் தோன்றலாம். ‘காளிதாஸ்’ போன்று அழிந்துபோன படங்களுக்கோ அந்தப் பட்டியலில் உள்ள ஒரு வரியே எஞ்சியுள்ள இருப்பிடம்.

தொப்பி மட்டும் எஞ்சியது

ஆனந்தன் தாள்களையும் நிழற்படங்களையும் திரட்டினார். அவருக்கு முன்பே, கடலுக்கு அப்பால் ஒருவர் திரைப்படத்தின் பொருள்களையே திரட்டத் தொடங்கியிருந்தார். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 1916இல் பிறந்த ஃபாரஸ்ட் ஆக்கர்மேன், ஒன்பதாம் வயதில் ‘அமேசிங் ஸ்டோரிஸ்’ என்னும் அறிவியல் புனைவு இதழ் ஒன்றை வாங்கினார். அதை அவர் எறியவில்லை. அதன் அருகில் இன்னொன்று, அதன் அருகில் மற்றொன்று எனத் தொடங்கிய அடுக்கு, பதினெட்டு அறைகள் கொண்ட வீட்டை நிறைத்தது. அறிவியல் புனைவு, திகில் ஆகிய இருவகைப் படங்களின் முகமூடிகள், உடைகள், பொம்மை விலங்குகள், சுவரொட்டிகள், நூல்கள் எனச் சுமார் மூன்று இலட்சம் பொருள்கள் அங்கே குவிந்தன. ஆங்கிலத்தில் அறிவியல் புனைவைக் குறிக்கும் ‘சை-ஃபை’ என்னும் குறுஞ்சொல்லை 1954இல் வழக்குக்குக் கொண்டுவந்தவரும் அவரே எனக் கூறுவர்.

பூட்டி வைக்கும் செல்வராக அவர் இருக்கவில்லை. சனிக்கிழமைகளில் வீட்டைத் திறந்துவிட்டார். கட்டணமில்லை. வந்த சிறுவர்களுக்கு ஒவ்வொரு பொருளின் கதையையும் தாமே எடுத்துரைத்தார். ‘டிராகுலா’வாக நடித்த பெலா லுகோசியின் மோதிரத்தை விரலில் அணிந்துகொண்டு காட்டினார். 1958இல் அவர் ஆசிரியராக இருந்து தொடங்கிய திகில் திரைப்பட இதழைப் படித்து வளர்ந்தவர்களுள் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கும் ஒருவர்.

அவரது திரட்டில் ஓர் உயரமான தொப்பியும் ஒரு பொய்ப்பற்கட்டும் இருந்தன. ‘லண்டன் ஆஃப்டர் மிட்நைட்’ என்னும் 1927ஆம் ஆண்டு மௌனப்படத்தில் நடிகர் லான் சேனி அணிந்தவை அவை. அன்றைய நாளில் தேவையற்ற பொருள்களாகவே அவை எண்ணப்பட்டிருக்கும். படமோ நிறுவனத்தின் பெட்டகத்தில் பத்திரமாக இருந்தது. 1960களில் அந்தப் பெட்டகம் தீப்பிடித்தது. படத்தின் கடைசிப் படியும் எரிந்தது எனக் கருதப்படுகிறது. பாதுகாக்கப்பட்ட படம் போயிற்று. எவரும் பொருட்படுத்தாத தொப்பி எஞ்சியது. எது நாளைக்கு வேண்டியிருக்கும் என்பதை இன்று எவராலும் அறுதியிட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

தெரிந்து தெளிவோம்

லான் சேனியின் பெற்றோர் இருவரும் காதுகேளாதோர். முகத்தாலும் கையாலும் அவர்களோடு உரையாடிப் பழகிய சிறுவன், பின்னாளில் மௌனப்படங்களின் பெரும் நடிகரானார். தம் ஒப்பனையைத் தாமே செய்துகொண்ட அவரை ‘ஆயிரம் முகங்கள் கொண்டவர்’ என்று உலகம் அழைத்தது.

ஆக்கர்மேனின் கதைக்குக் கசப்பான முடிவும் உண்டு. தம் திரட்டு ஓர் அருங்காட்சியகமாக வேண்டும் என்று அவர் விரும்பினார். அது நிறைவேறவில்லை. முதுமையும் நோயும் வழக்குச் செலவும் நெருக்க, 2002இல் பெரும்பகுதியை விற்றுவிட்டுச் சிறிய வீட்டுக்குக் குடிபெயர்ந்தார். அங்கேயும் எஞ்சியவற்றை அடுக்கி வைத்து, வந்தவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். 2008 டிசம்பர் 4 அன்று மறைந்தார். மீதிப் பொருள்கள் அடுத்த ஆண்டு ஏலத்தில் பல கைகளுக்குப் பிரிந்து சென்றன. ஒருவர் எண்பது ஆண்டுகள் சேர்த்தது சில மணி நேரத்தில் கலைந்தது.

அவர் உயிருக்கு உயிராக நேசித்த படம் ஃபிரிட்ஸ் லாங்கின் ‘மெட்ரோபோலிஸ்’. வெளியான சிறிது காலத்திலேயே வெட்டிச் சுருக்கப்பட்ட அப்படத்தின் நீண்ட வடிவம் மறைந்தே போயிற்று என உலகம் நம்பியிருந்தது. ஆக்கர்மேன் மறைந்த அதே 2008இல், அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸ் நகரத் திரைப்பட அருங்காட்சியகத்தில் அதன் ஏறக்குறைய முழுமையான படி கிடைத்தது. அதைக் காத்தவரும் ஒரு திரட்டாளரே. தனியொருவரின் திரட்டில் இருந்த படியிலிருந்து எடுத்த பிரதி அது.

இங்கே எஞ்சாதவை

தமிழிலும் வியப்பும் திகிலும் ஊட்டும் படங்கள் பழைமையானவை. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கக் குழுவோடு இணைந்து 1952இல் ‘காடு’ என்னும் படத்தை எடுத்தது. பண்டைக்காலத்துச் சடை யானைகள் அதில் வருகின்றன. நம் ஊர் யானைகளுக்கே மயிர்ப்போர்வை போர்த்தி அவற்றை உருவாக்கினார்கள். 1963இல் வெளியான ‘கலை அரசி’யில் வேற்றுக்கோளிலிருந்து வந்தவர் பூமிப் பெண்ணைக் கவர்ந்து செல்கிறார். எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த அப்படம், மனிதன் நிலவில் கால்வைப்பதற்கு ஆறாண்டுகளுக்கு முற்பட்டது.

அந்த மயிர்ப்போர்வையையும் வேற்றுக்கோள் மனிதரின் உடையையும் போற்றி வைக்கும் வழக்கம் இங்கே வேரூன்றவில்லை. அதற்குக் காரணம் உண்டு. படத்துக்கு வேண்டிய கிரீடமும் வாளும் சிம்மாசனமும் பெரும்பாலும் வாடகைக்கு வந்தன. ஒரு படத்தில் சோழன் அணிந்த கிரீடம், வண்ணம் மாற்றப்பட்டு, அடுத்த படத்தில் அசுரன் தலையில் ஏறியது. தச்சர் செய்த அரண்மனைத் தூண் பிரிக்கப்பட்டு மற்றொரு படத்தில் சிறைக்கதவானது. சிக்கனமாக வாழ்ந்த ஒரு தொழில் பொருளை வீணாக்காமல் பயன்படுத்தியது. அதனாலேயே பொருளுக்கு நிலையான வரலாறு இல்லாமல் போயிற்று. அக்காட்சிகளை இன்று நினைவூட்டுபவை ஆனந்தன் போன்றோர் காத்த நிழற்படங்களே.

பதினேழு நாள்கள்

ஒருவர் வீட்டில் தொடங்கியதை ஒரு நாடே செய்ய வேண்டும் என்ற எண்ணத்தால் 1964இல் புனே நகரில் இந்தியத் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் உருவானது. அதை வளர்த்தெடுத்தவர் திருவனந்தபுரத்தில் பிறந்த பி.கே. நாயர். படச்சுருள் எங்கே இருக்கிறது என்று கேள்விப்பட்டாலும் தேடிச் சென்றார். தாதாசாகேப் பால்கேயின் ‘ராஜா ஹரிச்சந்திரா’வில் இன்று எஞ்சியிருக்கும் பகுதிகள் அவர் முயற்சியால் காக்கப்பட்டவை. 1933ஆம் ஆண்டு மௌனப்படமான ‘மார்த்தாண்ட வர்மா’ பிழைத்த வரலாறு மேலும் வியப்பானது. மூலநாவலின் பதிப்புரிமை குறித்து வழக்கு எழுந்ததால், படத்தின் திரையிடல் நின்று முடங்கியது. பதிப்பகத்தாரிடம் பல்லாண்டுகள் கிடந்த சுருள் 1974இல் காப்பகத்தை அடைந்தது. படத்தின் ஓட்டத்தைக் கெடுத்த வழக்கே அதன் உயிரைக் காத்தது.

2016 மார்ச் 4 அன்று பி.கே. நாயர் மறைந்தார். பதினேழு நாள்கள் கழித்து, மார்ச் 21 அன்று பிலிம் நியூஸ் ஆனந்தன் மறைந்தார். ஒருவர் படச்சுருளைக் காத்தார். மற்றவர் படத்தைப் பற்றிய செய்தியைக் காத்தார். ஒரே மாதத்தில் இந்தியத் திரை தன் இரு காவலர்களை இழந்தது. நாளிதழ்கள் அவர்களைப் பற்றிய குறிப்புகளை வெளியிட்டன. ஆனந்தனைப் பற்றி எழுதியவர்களுக்கு ஒரு தவிப்பு நேர்ந்திருக்கும்: திரையுலகினர் ஒருவர் மறைந்தால் விவரம் கேட்பதற்கு இருந்த மனிதர் அவரே அல்லவா!

மலைச்சரிவில் ஒரு கேள்வி

திரட்டுபவர் எல்லாவற்றையும் காப்பதில்லை. அவருக்கும் ஆயுள் உண்டு. வீட்டுக்குச் சுவர் உண்டு. பிள்ளைகளுக்கு வேறு கனவுகள் உண்டு. அவர் மூடிய கதவை அடுத்தவர் திறக்காவிட்டால், ஏலத்தில் கலைந்த ஆக்கர்மேன் வீட்டின் கதைதான் எங்கும் நிகழும். ஆகவே, திரட்டுபவரைப் பாராட்டுவதோடு சமூகத்தின் கடமை முடிந்துவிடுவதில்லை. அவர் சேர்த்ததை ஏற்றுக்கொள்ளும் இடமும், அதைப் பிரித்துப் பெயரிடும் கைகளும், திறந்து பார்க்கும் கண்களும் வேண்டும்.

இது திரைப்படத்துக்கு மட்டும் உரிய செய்தியன்று. மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு ஓடிய மீட்டர்கேஜ் தொடர்வண்டி 2010ஆம் ஆண்டின் இறுதியோடு நின்றது. அகலப்பாதையில் பயணியர் வண்டி மீண்டும் போடியை அடைந்தது 2023 சூன் 15 அன்று. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் இவ்வூரில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள், ஊரில் நின்ற நிலையத்தை வண்டியில்லா நிலையமாகவே அறிந்திருந்தனர். பழைய வண்டியில் ஏலக்காய் மணத்தோடு மதுரைக்குப் பயணம் செய்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு பயணச்சீட்டோ, நிழற்படமோ, எவரும் கேட்காத ஒரு கதையோ இருக்கக்கூடும். அதைக் கேட்டு எழுதி வைக்கும் பிள்ளைக்குப் பதினெட்டு அறைகள் தேவையில்லை. ஒரு குறிப்பேடு போதும்.

மாலையில் மலைச்சாலை வழியே ஜீப்புகள் இறங்கி வருகின்றன. தரம் பிரிக்கும் கூடத்தில் பெண்கள் எழுந்து முந்தானையை உதறுகிறார்கள். நாள் முழுதும் காயைத் தொட்ட விரல்களில், கழுவிய பின்னும் மணம் இருக்கிறது. ஆனந்தனின் விரல்களிலும் பழைய தாளின் மணம் அவ்வாறே தங்கியிருந்திருக்கும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் முன்பு இயங்கிய திரையரங்கம் அல்லது கூடாரக் கொட்டகை பற்றி மூத்தவர் ஒருவரிடம் கேட்டு, ஆண்டு, இடம், நினைவில் நின்ற படம் ஆகிய குறிப்புகளுடன் ஒரு பக்கம் எழுதுக.

2. வீட்டில் எறியக் கருதிய பழம்பொருள் ஒன்றைத் தேர்ந்து, அதைக் காக்க வேண்டியதன் காரணத்தை வகுப்பறையில் எடுத்துரைக்க.

3. “எது நாளைக்கு வேண்டியிருக்கும் என்பதை இன்று எவராலும் அறுதியிட முடியாது” – இக்கருத்தைக் கட்டுரையில் உள்ள இரு சான்றுகளால் விளக்குக.